ஆத்துல நைட்ரேட் கலந்தது விவசாயியா? விலைப்பட்டியலா?

"விவசாயிங்க அளவு தெரியாம யூரியாவை அள்ளிக் கொட்டுறாங்க, அதான் ஆறு கெட்டுப்போச்சு." டிவி விவாதத்துல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஈசியா சொல்லிட்டுப் போயிடுறாங்க. தோழர்களே, இதுக்குக் கணக்கோட பதில் சொல்லுவோம்.

ஓடையில நைட்ரேட் அளவைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம். உள்ளே எவ்வளவு வருது? பயிர் எவ்வளவு எடுத்துக்குது? போற வழியில எவ்வளவு அழியுது? இந்த மூணுல விவசாயி கையில எவ்வளவு இருக்கு, அரசு கையில எவ்வளவு இருக்குன்னு நீங்களே பாருங்க.

முதல்ல உரம். 2010-ல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்துச்சு. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களோட விலை ஏறுச்சு. யூரியாவை மட்டும் திட்டத்துக்கு வெளியே வச்சாங்க. இன்னைக்கு 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய் பூச்சும் சேர்க்காம, 242 ரூபாய். பொட்டாஷ் மூட்டை ஆயிரத்தைத் தாண்டிருச்சு. கடன் வாங்கி நடவு செய்யிறவர் எதை வாங்குவார்?

மத்த சத்து குறைஞ்சா பயிர் தழைச்சத்தை முழுசா எடுத்துக்காது. மிச்சம் நைட்ரேட்டா மாறும். அதை மண் பிடிச்சு வைக்காது. மழையோட நிலத்தடிக்கு இறங்கி, ஊத்தா ஓடைக்கு வந்து சேரும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டு மாதிரிகள்ல சுமார் 37 சதவீதம், லிட்டருக்கு 45 மில்லிகிராம்ங்கிற வரம்பைத் தாண்டிருச்சு. கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது. அந்தத் தண்ணியில பால் கலந்து கொடுத்தா, கைக்குழந்தையோட ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம உடம்பே நீலம் பாரிக்கலாம்.

அடுத்து சாக்கடை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 2021 அறிக்கை சொல்லுது: நாட்டின் நகரங்கள்ல தினமும் உருவாகுற கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். சுத்திகரிக்கிறது 20,236 மட்டும். மீதி எங்க போகுது? அதுல இருக்கிற நைட்ரஜனுக்கும் விவசாயிதான் பொறுப்பா?

மூணாவது, கரை. காத்து புகாத சேத்துல வாழுற பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா மாத்தி வெளியே விட்டுடும். நாணலும் கோரையும் மிச்சத்தை உறிஞ்சும். பைசா செலவில்லாத சுத்திகரிப்பு நிலையம் அது! அதைத்தான் 'அழகுபடுத்துறோம்'னு கான்கிரீட் போட்டு மூடுறாங்க.

விவசாயிக்குப் பங்கே இல்லைன்னு யாரும் சொல்லல. ஆனா மலிவு விலையைக் காட்டி யூரியா பக்கம் தள்ளிவிட்டவங்களே அவரைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்துறது என்ன நியாயம்?

மாத்த முடியாதான்னு கேக்குறீங்களா? டென்மார்க் 1987-லயே திட்டம் போட்டுச்சு. உரத்துக்கு வரம்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு, சதுப்பு நில மீட்பு, மூணையும் கையில எடுத்தாங்க. 1990-க்கு அப்புறம் அங்கே கடலுக்குப் போற நைட்ரஜன் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சுது.

நம்ம கோரிக்கையும் மூணுதான்:
1. தழை, மணி, சாம்பல் மூணு சத்துக்கும் சமநிலையான மானியம். மிச்சமாகுற யூரியா மானியம் விவசாயி கைக்கே போகணும்.
2. சுத்திகரிக்காத ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆத்துல கலக்கக் கூடாது.
3. ஓடைக்கரையில கான்கிரீட் வேண்டாம், நாணலை விடுங்க.

விவசாயியைத் திட்டுறதுக்கு முன்னாடி விலைப்பட்டியலைத் திருத்துங்க!

உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் பகிருங்க தோழர்களே.

#விவசாயி_குற்றவாளி_அல்ல #ஓடையைக்_காப்போம்