நூலகம் வாங்கும் மென்பொருள்: உங்கள் இரவல் விவரம் யார் கையில்?

புத்தகத்தை இயந்திரத்துல வைக்கிறீங்க. சில விநாடியில் இரவல் பதிவாகிடும். இதற்கு உதவும் மின்னணுச் சில்லை முதலில் பயன்படுத்திய பொது நூலகங்களில் ஒன்று சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகம். ஆண்டு 1998.

வசதிதான். ஆனால் நீங்க என்ன படிக்கிறீங்க என்பதும் பதிவாகிறது. நோய், கடன், மணமுறிவு... எதைப் பற்றிப் படித்தாலும் அது உங்கள் சொந்த விஷயம்.

நெறிமுறை என்ன சொல்கிறது?

அமெரிக்க நூலகச் சங்கம் அதன் நெறிமுறையை 1939இல் முதன்முதலில் ஏற்றது. வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கணும், வாசகரைப் பாதித்துத் தனிப்பட்ட நலன் தேடக்கூடாது என்று இன்றைய நெறிமுறை சொல்கிறது.

ஏலக்குத்தகையை மதிப்பிடுபவர் விற்பனையாளரிடம் விருந்தோ இலவசப் பயணமோ ஏற்கக்கூடாது. இது பலருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் உள்ள சிக்கல்கள் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை.

நிறுவனம் கைமாறினால்?

நூலக மென்பொருள் நிறுவனமான எக்ஸ் லிப்ரிஸை 2015இல் புரோகுவெஸ்ட் வாங்கியது. 2021இல் புரோகுவெஸ்ட்டையே கிளாரிவேட் வாங்கியது. நூலகம் அதேதான். மென்பொருளின் உரிமையாளர் ஆறே ஆண்டில் இருமுறை மாறிட்டார்.

புரோகுவெஸ்ட் மின்தரவுத்தளங்களையும் விற்கிறது. தேடல் மென்பொருளும் அதே குழுமத்துடையது என்றால், தேடும்போது யாருடைய கட்டுரை முதலில் வரும்? வாங்கும் முன்பே நூலகர் கேட்கணும்.

தகவல் திருடப்பட்டால்?

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளில் ஊடுருவல் நடந்தது. நூலகம் பிணைத்தொகை கொடுக்கவில்லை. ஊடுருவியவர்கள் சுமார் 600 கிகாபைட் தகவலை வெளியிட்டனர். பயனீட்டாளர் விவரங்களும் அதில் இருந்தன. பழைய கணினிக் கட்டமைப்பால் மீட்புப் பணி தாமதமானதாக நூலகமே 2024இல் அறிக்கை வெளியிட்டது.

தேவையில்லாத பதிவை வைத்திருக்காவிட்டால் திருடவும் எதுவும் இருக்காது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

• புத்தகம் திரும்பி வந்தபின் இரவல் பதிவு எப்போது அழிக்கப்படும்?
• நிறுவனம் கைமாறினால், பழைய வாக்குறுதி புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்துமா?
• ஒப்பந்தம் முடிந்தால், வேறு மென்பொருளில் பயன்படுத்தக்கூடிய வடிவில் எல்லாத் தகவலும் திரும்பக் கிடைக்குமா?

மூன்றுக்கும் ஒப்பந்தத்திலேயே எழுத்துபூர்வமான பதில் வேண்டும். விற்பனையாளரின் வாய்மொழி உறுதி போதாது. குறைந்த விலைக்காக இவற்றை விட்டுக்கொடுத்தால், மிச்சமாகும் பணம் நூலகத்துக்கு, பாதிப்பு உங்களுக்கு.

முதல் கேள்வியை நீங்களும் உங்கள் நூலகத்தில் கேட்கலாம்.