மடத்துச் சொத்தும் தேசத்தின் ஆபத்தும்

மெக்ஸிகோ நகரின் தென்பாகத்தில் சுருபுஸ்கோ என்றோர் இடம் இருக்கிறது. அது ஹூயிட்சிலோபோச்ட்லி என்னும் பழைய யுத்தக் கடவுளின் பெயரால் ஏற்பட்டுப் பின்னால் திரிந்துபோன பெயர். ஸ்பெயின்காரர் வந்தபின் அக்கடவுள் போய், அவ்விடத்தில் பிரான்சிஸ்கன் சந்நியாசிகளின் மடம் வந்தது. அம்மடமே 1981-ல், அந்நியப் படையெடுப்புகளைக் காட்டும் தேசியக் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது.

1847 ஆகஸ்டு 20-ல் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சேனை இம்மடத்தைத் தாக்கிற்று. உள்ளிருந்தவர்கள் மருந்தும் குண்டும் தீரும்வரை போராடிச் சரணடைந்தார்கள். வெடிமருந்து எங்கே என்று கேட்ட எதிரித் தளகர்த்தனுக்கு, “அது இருந்தால் நீர் இங்கு வந்திருக்க மாட்டீர்” என்று ஜெனரல் அனாயா பதில் சொன்னதாக அந்நாட்டார் சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, அந்தத் தேசத்தில் அப்போது பணமே இல்லையா? இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. அவ்வருஷம் ஜனவரி 11-ல், மாதாகோயில் சொத்துக்களை அடமானம் வைத்தோ விற்றோ யுத்தத்துக்கு ஒன்றரைக் கோடி பெசோ திரட்டலாம் என்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. உடனே மதம் போச்சு என்ற கூக்குரல் எழுந்தது. பிப்ரவரி கடைசியில், வெராகுரூஸ் துறைமுகத்தைக் காக்கப் போ என்று உத்தரவிடப்பட்ட பட்டாளமே, குருமாரின் பண உதவியோடு தலைநகரில் கலகம் செய்தது. கலகம் நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச்சு 9-ல் எதிரி வெராகுரூஸ் பக்கத்தில் கரையிறங்கினான். அம்மாதத்திலேயே சட்டமும் ரத்தாயிற்று. சொத்து தப்பியது; தேசம் தப்பவில்லை. 1848 உடன்படிக்கையில், டெக்ஸாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால், பாதிக்கு மேற்பட்ட பூமி கைவிட்டுப் போயிற்று.

பக்தர்களெல்லாம் கோழைகள் என்று நாம் சொல்லவரவில்லை. அம்மடத்தில் கடைசிவரை நின்றவர்களில் அமெரிக்கச் சேனையைவிட்டு வந்த ஐரிஷ் கத்தோலிக்கர் பலர் உண்டு. அவர்கள் சேர்ந்திருந்த பட்டாளத்தாரில் சுமார் 50 பேர் பிறகு தூக்கிலிடப்பட்டார்கள். உயிரைக் கொடுத்தவன் பாமர பக்தன். பணத்தைப் பூட்டி வைத்தவன் குரு. பக்தியால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்பது இதில் விளங்கவில்லையா?

1859-ல் ஹுவாரெஸ் சர்க்கார் மாதாகோயில் சொத்துக்களைத் தேசத்துக்குச் சொந்தமாக்கிற்று. அதை முன்னமே செய்திருந்தால் என்ன முழுகிப்போயிருக்கும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. விக்கிரகத்தை எடுத்துவிட்டுப் பீரங்கியை வைத்து அதைக் கும்பிடுவதானால் மாறியது சாமிதானே ஒழிய புத்தியல்ல. காட்சிச்சாலைக்குக் கும்பிடப் போகக்கூடாது. கேள்வி கேட்கப் போகவேண்டும். அங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வி, “ஆபத்துக்கு உதவாத சொத்து யாருக்காக?” என்பதேயாகும். வாசகர்கள் யோசிப்பார்களாக.