ட்ரூமனுக்குப் பிடிக்காத சர்க்கஸ் பெண்!

நம் நாட்டுக் கலையை வெளிநாட்டில் காட்ட வேண்டும் என்றால் எந்த ஓவியத்தை அனுப்பலாம்? அதை யார் முடிவு செய்வது? அமெரிக்க அரசு இந்தக் கேள்வியில் சிக்கித் திணறிய கதைதான் இந்த வாரம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். அமெரிக்கர்களிடம் காசும் குண்டும் இருக்கிறது, கலை இருக்கிறதா என்ற இளக்காரம் ஐரோப்பாவில் இருந்தது. 'காட்டுகிறோம், பாருங்கள்' என்று இறங்கியது அந்நாட்டு வெளியுறவுத் துறை. 1946-ல் சுமார் 49,000 டாலருக்கு 79 எண்ணெய் வண்ண ஓவியங்களைச் சொந்தமாகவே வாங்கியது. ஜார்ஜியா ஓ'கீஃப், பென் ஷான், ஜேக்கப் லாரன்ஸ் என்று எல்லாமே நவீன ஓவியர்கள். ஒரு பாதி பாரிஸ், ப்ராக் பக்கம் போனது. இன்னொரு பாதி கியூபா, ஹைட்டிக்கு.

போன இடத்தில் பாராட்டுதான். பிரச்னை உள்ளூரில் வெடித்தது.

'உங்கள் பணத்தில் வாங்கிய படங்கள் இவை' என்று 1947 பிப்ரவரியில் 'லுக்' பத்திரிகை ஓவியங்களை அச்சிட்டுவிட்டது. அவ்வளவுதான், வரி கட்டுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். ஓவியர்களில் கம்யூனிஸ்ட்டுகள் இருக்கிறார்கள் என்று அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். குட்டை உடையில் உட்கார்ந்து இளைப்பாறும் வாட்டசாட்டமான சர்க்கஸ் பெண்ணின் ஓவியம்தான் அதிகம் அடிவாங்கியது. ஜனாதிபதி ட்ரூமனே 'இதெல்லாம் கலையா' என்கிற தொனியில், ஆப்பிரிக்க இனம் ஒன்றை இழிவாகக் குறிக்கும் சொல்லைப் போட்டுக் கிண்டலடித்தார்.

அந்தப் படத்தை வரைந்தவர் யசுவோ குனியோஷி. ஜப்பானில் பிறந்து, 1906-ல் பதின்வயதில் அமெரிக்கா வந்தவர். ஓவியம் கற்றது, வளர்ந்தது, பேர் வாங்கியது எல்லாம் அங்கேதான். ஆனால், ஜப்பானியர் குடியுரிமை பெற அன்றைய சட்டம் இடம் தரவில்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அவருக்கு 'எதிரி நாட்டவர்' முத்திரை வேறு. அப்போதும் அமெரிக்காவின் போர்ப் பிரசாரத்துக்காகப் படம் வரைந்து கொடுத்தார் மனிதர். 1952-ல் சட்டம் மாறியது. அடுத்த வருடமே, குடியுரிமை கைக்கு வராமலே இறந்துபோனார். அமெரிக்கக் கலை இதுதான் என்று உலகத்துக்குக் காட்ட அவர் ஓவியம் வேண்டியிருந்தது, குடிமகனாக அவர் வேண்டியிருக்கவில்லை. எழுதும்போதே கடுப்பாகிறது!

கண்காட்சி பாதியிலேயே திரும்ப அழைக்கப்பட்டது. அதைவிடக் கொடுமை, 1948-ல் ஓவியங்களைப் போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்கும் அலுவலகத்திடம் தள்ளிவிட்டார்கள். கல்வி நிறுவனங்களுக்கு 95 சதவிகிதத் தள்ளுபடி! நம் ஊர் ஆடித் தள்ளுபடியே தோற்றது. நீர்வண்ணப் படங்களையும் சேர்த்து மொத்தம் 117 ஓவியங்கள் போனது வெறும் 5,544 டாலருக்கு. அலபாமாவில் உள்ள இன்றைய ஆபர்ன் பல்கலைக்கழகம் 1,072 டாலரில் 36 ஓவியங்களை அள்ளிக்கொண்டது.

பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் நவீன ஓவியங்கள் மறுபடி ஐரோப்பாவைச் சுற்றின. இந்த முறை ஏற்பாடு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம். அது தனியார் அமைப்பு என்பதால், 'என் வரிப்பணம்' என்று யாரும் சட்டையைப் பிடிக்க முடியவில்லை.

சிதறிப்போன பழைய ஓவியங்களில் பெரும்பாலானவற்றை 2012-ல் தேடிச் சேர்த்து மீண்டும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவுக்குள் மட்டும்தான். சர்க்கஸ் பெண் இப்போதும் ஆபர்னில்தான் இருக்கிறாள்.