லேப் பக்கம்: கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு திருடன்

ஜெராக்ஸ் கடை தயவு இல்லாம செமஸ்டரைத் தாண்டினவங்க கை தூக்குங்க மக்களே! ஒருத்தரும் இல்லையா? அப்போ செலினியத்துக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க. 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷினோட டிரம்மில் பூசியிருந்தது அதுதான். படிகமா இல்லாம, கண்ணாடி மாதிரி தாறுமாறா உறைஞ்ச செலினியம். இருட்டில் மின்னூட்டத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், வெளிச்சம் பட்ட இடத்தில் விட்டுடும். காப்பி மெஷின்கள் அப்புறம் வேற பொருளுக்குத் தாவிடுச்சு. ஆனா, மார்பகப் புற்றுநோயைத் தேடுற டிஜிட்டல் மேமோகிராம் கருவிகள் சிலதில் எக்ஸ்-ரேயைப் பிடிக்கிறது இன்னிக்கும் இதே செலினியம்தான்.

இதுக்கு வில்லன், நாம சுவாசிக்கிற ஆக்ஸிஜன். பத்து லட்சம் அணுவுக்கு நடுவில் சில பேர் புகுந்தாலே போதும், மின்கடத்தும் குணம் கன்னாபின்னானு மாறிடும். இருட்டிலேயே மின்னூட்டம் கசிஞ்சா, படத்தை நம்பி டாக்டர் எப்படி முடிவெடுப்பார்?

இங்கேதான் அகச்சிவப்பு நிறமாலை என்ட்ரி. ப்ளஸ் டூ ஸ்பிரிங் கணக்கை ஞாபகப்படுத்துங்க. செலினியம் எடை 79, ஆக்ஸிஜன் 16. ஸ்பிரிங்கோட ரெண்டு முனையிலும் குண்டு செலினியம்னா ஆட்டம் மெதுவா இருக்கும். 40 மைக்ரான் அலைநீளம் பக்கம் கதிரை உறிஞ்சும். ஒரு முனையில் ஒல்லி ஆக்ஸிஜன் வந்தா, ஸ்பிரிங்கும் விறைப்பு, ஆட்டமும் ஸ்பீடு. உறிஞ்சுற இடம் 11 மைக்ரான் பக்கம் வந்துடும். பார்க்கக் கன்னங்கரேல்னு இருக்கிற கட்டி, அந்த ஏரியாவில் ஜன்னல் மாதிரி கதிரை விடும். அதனால கிராஃபில் அங்கே ஒரு பள்ளம் விழுந்தா, திருடன் மாட்டினான்!

பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆக்ஸிஜன். துளியூண்டு கலப்படம்னா கட்டியைத் தடிமனா எடுக்கணும், இல்லேன்னா பள்ளமே தெரியாது. எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ஆக்ஸிஜன் ஒரே செலினியத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குதா, ரெண்டுக்கு நடுவில் பாலமா உட்கார்ந்திருக்கான்னு பள்ளம் விழுற இடமே காட்டிக் கொடுத்துடும். வெறும் எண்ணிக்கை சொல்ற கருவிக்கு இந்த சாமர்த்தியம் வராது பாஸ்.

செலினியம் 221 டிகிரியில் உருகும். காற்று பட்டா கதை கந்தல், அதனால வெற்றிடமாக்கி சீல் வெச்ச குழாய்க்குள்தான் உருக்கணும். ஆவி விஷம் வேற. (1817-ல் பெர்சீலியஸ், முள்ளங்கி மாதிரி அடிச்ச வாடையை வெச்சு இதை முதல்ல டெல்லூரியம்னே நினைச்சாராம்!) உருக்கி, சட்டுனு குளிரவெச்சு, பாலிஷ் போட்டு கருவியில் வைக்கணும். 11 மைக்ரான்ல இன்னும் பள்ளம் தெரியுதா? வெற்றிடத்திலேயே காய்ச்சி வடிச்சு, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.