இரவல் வெப்பம்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் மலைப்பாதையில் மார்கழி விடியலின் குளிர் எத்தகையது என்பதை அவ்வழிப் பயணஞ் செய்வோர் நன்கறிவர். கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து பாதையை மறைக்கிறது. சாரதி வெப்பக்காற்று விசையைத் திருப்புகிறார். வருவதோ வெறும் குளிர்காற்று! கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பயணத்தைத் தொடரலாமா? காரணம் அறியாமல் தொடர்வது நன்றன்று.

மோட்டார் வண்டியின் வெப்பக் கருவிக்குப் பெரும்பாலும் சொந்த அடுப்புக் கிடையாது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடேறிய தண்ணீரில் ஒரு பகுதி, இரண்டு இறப்பர்க் குழாய்களின் வழியே முன்பலகைக்குப் பின்னுள்ள சிறு றேடியேற்றருக்கு வந்து திரும்புகிறது. அதனூடே விசிறி காற்றை ஊதுகிறது, அவ்வளவே. எனவே, இரவல் தருபவனிடம் இருப்பு உண்டா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால், குழாயில் காற்றுப் புகுந்து சுடுநீரைத் தடுத்திருக்கும். தண்ணீரை நிரப்பினால் மட்டும் போதாது, ஒழுக்கையும் தேடவேண்டும். முன்னிருக்கைக்காரரின் காலடியில் ஈரமும், கண்ணாடியில் பிசுபிசுப்பும் தென்பட்டால் அச்சிறு றேடியேற்றரே ஒழுகக்கூடும்.

தண்ணீர் நிறைந்திருந்தும், நெடுந்தூரம் ஓடிய பின்னும் வெப்பமானியின் முள் எழாவிட்டால், தேர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். முள் சரியாக நிற்குமாயின், எஞ்சினை நிறுத்திவிட்டு அவ்விரு குழாய்களையும் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், துரு அடைத்திருக்கலாம். அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டும் சூடானால், காற்றைத் திருப்பும் சிறு கதவிலோ அதை இயக்கும் கம்பியிலோ பழுது. காற்றே வராவிடில் குறை விசிறியில்.

வெயிலூர்களில், ஒழுகும் கருவியைச் செப்பனிடாது குழாய்களை நேரே இணைத்துவிடுவதும் உண்டு. அங்கே தெரியாத அக்குறை மலைநாட்டுக்கு வந்ததும் வெளிப்பட்டுவிடும்.

முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும்போது குளிர்காற்றே வருமாயின், ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் வற்றிய எஞ்சின் மேடேறினால் சிதைந்துவிடும். ஆனால் மூடியைத் திறவாதீர்கள். சுமார் 1,200 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். றேடியேற்றருக்குள் அதை அடக்கி வைத்திருப்பது மூடியின் அழுத்தமே. திறந்த கணத்தில் பொங்கியெழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஆறும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

பாடசாலைப் பிள்ளைகளையும் நோயாளரையும் ஏற்றிச் செல்லும் வண்டியாயின், புறப்படுமுன் தண்ணீரைப் பார்ப்பது நாள்தோறும் செய்யவேண்டிய கடமையாகும்.