கார்பைடு குழாய் பனியில் வெடிக்கலையா? உள்ளே எட்டிப் பார்க்காதீங்க

"சார், பனி நேரத்துல கார்பைடு குழாய் சரியா வெடிக்க மாட்டேங்குது. என்ன பண்ணா ஒரே தட்டுல வெடிக்கும்?"

பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருத்தர் கேட்டது. காட்டுப்பன்னி விரட்டப் போய் கண்ணு நிறைய சுண்ணாம்போட வந்தவர். வலி குறைஞ்சதும் முதல் கேள்வி இதுதான். திட்டத்தான் தோணுச்சு. ஆனா ராத்திரி பூரா மரவள்ளிக் கொல்லையில காவல் இருக்கறவர் வேற எதைக் கேட்பார்?

அதனால இந்தத் திரெட்.

கார்பைடு கல்லும் தண்ணியும் சேர்ந்தா அசிட்டிலீன் வாயு வரும். கேஸ் லைட்டர் பொறி பட்டா டமார். மார்கழி விடிகாலையில தண்ணி சில்லுன்னு இருக்கறதால வாயு மெதுவா வரும். லைட்டரும் பனியில நமுத்துப் போயிருக்கும்.

இங்கதான் வினை. வெடிக்கலைன்னா உள்ளே வாயு இல்லைன்னு நினைக்கறோம். இருக்கு, சேர்ந்துகிட்டே இருக்கு. சமையல் கேஸ் காற்றில் ஏறக்குறைய 2 முதல் 10 சதவீதம் கலந்திருந்தாதான் பற்றும். அசிட்டிலீனுக்கு 2.5-ல ஆரம்பிச்சு 80 வரைக்கும்! நாம இன்னொரு கல்லைப் போட்டு, குலுக்கி, அப்புறம் குழாய் வாயில கண்ணை வைக்கறோம்.

2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்துல இதே குழாயை விளையாட்டுச் சாமானா வித்தாங்க. நூறு பேருக்கு மேல கண்ணுல காயம், பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போச்சு. வெடிக்கலையேன்னு உள்ளே பார்த்தவங்களும் அதுல உண்டு.

தீக்காயம் பாதிதான். மிஞ்சற சுண்ணாம்பு காரம். ஆசிட் பட்டா கண்ணோட மேல்பரப்பு உறைஞ்சு, ஓரளவு அங்கேயே தடுக்கும். காரம் அப்படியில்ல, கரைச்சுக்கிட்டே உள்ளே போகும்.

பட்டுடுச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்கு முன்னாடி, அந்த இடத்துலயே நல்ல தண்ணியில கழுவுங்க. அழுத்தாம இமையைப் பிரிச்சு, குறைஞ்சது 30 நிமிஷம். கசக்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அப்புறம் உடனே கண் டாக்டர்கிட்ட. இமைக்கு அடியில ஒளிஞ்சிருக்கற துகளை எடுக்கலைன்னா எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

சரி, குளிருக்கு எப்படி செட் பண்றது? பண்ண முடியாதுங்க. அளவைக் கூட்டுனா குழாயே சிதறும். பிளாஸ்டிக் சில்லு எக்ஸ்ரேல கூட சரியா தெரியாது, எங்களுக்குத் தேடறதே பெரும்பாடு.

தடை போடுங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்ல. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வர்ற பன்றிகளை வனத்துறை சுடலாம்னு 2025 ஜனவரியில தமிழக அரசு அறிவிச்சது. நம்ம பக்கம் பல கொல்லை காட்டை ஒட்டியே இருக்கே! அவங்களுக்கு சோலார் வேலி மானியமும், அலையவிடாத பயிர் இழப்பீடும் கொடுத்துட்டு அப்புறம் குழாயைப் பிடுங்குங்க.

நம்மவருக்கு இடது கண்ணுல இன்னும் மங்கல்தான். கிழங்கு பிடுங்க மூணு வாரம் இருக்காம். அதுவரைக்கும் அப்பாவும் மகனும் முறை வெச்சு தகரம் தட்டறாங்க.