கரையோரக் கழகத்தில் ஒரு சாப்பாட்டு மேசை



சிட்னியின் மேற்குப் புறநகரங்களில் வாழும் எம்மவர்க்கு விடுமுறை நாளென்றால் கோயில், அல்லது உறவினர் வீடு. கடற்கரைக்குச் சென்றாலும் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போய், மரநிழலிற் பாய் விரித்து உண்டு திரும்புவதே வழக்கம். அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும், பல்லாண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்தும் அந்நாட்டவர் உண்ணும் மண்டபத்தில் அவர்களருகே ஒரு வேளையேனும் அமர்ந்து உண்ணாதிருப்பது நன்றோ என்பதே இவ்வாரம் நான் எழுப்ப விரும்பும் வினா.

சிட்னியிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதம் ஹோக்ஸ்பரி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, வோய் வோய் என்னும் சிற்றூரை அடைகிறது. பிறிஸ்பேன் வோட்டர் எனப்படும் கடல்நீர்ப் பரப்பின் கரையில் அமைந்தது அவ்வூர். படகுத்துறையிற் கூழைக்கடாக்கள் காத்து நிற்கும். அந்நீரிற் சிப்பி வளர்ப்பும் நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்துக் களப்புக் கரையில் வளர்ந்தவர்க்கு அக்காற்றின் மணம் புதியதன்று. இத்தகைய கரையோர ஊர்களில் மலிவாகவும் வயிறாரவும் உண்ணக்கூடிய இடம் எதுவென வினவின், ஊரவர் பெரும்பாலும் 'கிளப்' எனப்படும் கழகத்தையே காட்டுவர். அக்கழகத்தின் உணவுச்சாலையே 'பிஸ்ரோ'.

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தை நினைவிற் கொண்டால் இக்கழகங்களின் அமைப்பு எளிதில் விளங்கும். பந்துருட்டும் கழகம், படகோட்டிகள் கழகம், போரிலிருந்து மீண்ட படைவீரரின் பெயரால் அமைந்த கழகம் எனப் பலவகை உண்டு. இவை பங்குதாரருக்கு இலாபம் பகிரும் வியாபார நிலையங்கள் அல்ல. அங்கத்தவர்கள் சந்தா செலுத்துவர். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக சபையைத் தெரிவு செய்வர். நாமும் விண்ணப்பித்து அங்கத்தவராகலாம். சந்தா பெரும்பாலும் சிறு தொகையே. அங்கத்தவர்க்கு உணவின் விலையும் குறையும்.

வாசலில் ஒரு மேசை. அங்கே அடையாள அட்டையைக் காட்டி, பெயரும் விலாசமும் பதிந்து, கையொப்பமிட வேண்டும். இதனைக் கேட்டவுடனேயே எம்மவர் பலரின் கால்கள் தயங்குகின்றன. சோதனைச் சாவடிகளில் அட்டையை நீட்டியபடி வெயிலில் நின்றவர்கள் நாம். பதிவேட்டைக் கண்டால் அஞ்சுவது எமது பேதைமையன்று, எமது அனுபவம். ஆயினும் இப்பதிவின் நோக்கம் வேறு. அங்கத்தவர்க்கும் அவர்தம் விருந்தினர்க்குமென அனுமதி பெற்ற இடமாதலால், வருவோரின் பெயரைக் குறித்து வைக்குமாறு சட்டம் கழகத்தைப் பணிக்கிறது. இது குடிவரவுத் திணைக்களத்துக்கென எழுதப்படுவதன்று. எந்த அட்டையை ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துச் செல்லின் வாசலில் தடுமாற வேண்டியதில்லை. இறப்பர்ச் செருப்பும் கையில்லாப் பெனியனும் அணிந்து செல்லாதிருத்தல் நலம்.

உள்ளே பரிசாரகர் வந்து கேட்பாரென மேசையிற் காத்திருக்கலாகாது. முதலில் மேசையொன்றைப் பிடித்து, பின் கருமபீடத்துக்குச் சென்று உணவைச் சொல்லிப் பணம் செலுத்த வேண்டும். இலக்கத் தகடொன்றோ, உணவு ஆயத்தமானதும் அதிரும் சிறு கருவியொன்றோ தருவர். பொரித்த மீனும் சிப்ஸும், தூள் பூசிப் பொரித்த கோழி, அன்றைய வாட்டிய இறைச்சி, கணவாய் என்பன வழமையான உணவுகள். 'பறமண்டி' என எழுதியிருப்பது வேறொன்றுமன்று, எமது கொடுவா மீனே. குடிநீருக்குப் பணமில்லை. அன்பளிப்புப் பணம் வைக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்: கருமபீடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். வைத்தியரிடமும் வங்கியிலும் பிள்ளைகளே எமக்காகப் பேசுகிறார்கள். இங்கேனும் தாயோ தந்தையோ பேசட்டும். அண்மையில் எம்முடன் வந்த முதிய அம்மையார் ஒருவர் வெள்ளிக்கிழமை மச்சம் உண்ணாதவர். சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயிலா பொரிக்கப்படுகிறது எனத் தம் அரைகுறை ஆங்கிலத்திற் கேட்டார். பணிப்பெண் சமையலறைக்குள் சென்று விசாரித்து வந்து, ஆம், ஒரே எண்ணெய்தான் என்றாள். பின் அவளே மசித்த கிழங்கும் அவித்த மரக்கறியும் சலாதும் சேர்ந்த தட்டொன்றை ஒழுங்கு செய்தாள். "நீ நல்லா இருப்பாய் பிள்ளை" என்றார் அம்மையார் தமிழில். அவள் மொழி விளங்காமலே சிரித்தாள்.

படைவீரர் கழகங்கள் பலவற்றில் மாலை ஆறு மணிக்கு விளக்குகள் மங்கும். உண்போர் கரண்டியை வைத்து எழுந்து, போரில் மாண்டோரை நினைந்து நிற்பர். நாமும் எழுந்து நிற்போம். இறந்தோர்க்காகப் பொதுவிடத்தில் எழுந்து நிற்கும் உரிமையின் பெறுமதி எமக்குத் தெரியாததன்று.

இனி, சொல்லியே ஆகவேண்டியதொன்று. இந்தத் தட்டு இத்துணை மலிவாகக் கிடைப்பது எவ்வாறு? சாப்பாட்டு மண்டபத்துக்கு அப்பால் இன்னொரு கதவு உண்டு. அதனுள்ளே சூதாட்ட இயந்திரங்கள். நியூ சவுத் வேல்ஸ் கழகங்களில் இவற்றுக்கு 1956இல் சட்ட அனுமதி கிடைத்தது; பெரிய கழகங்களின் வருமானத்திற் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. அவ்வியந்திரங்களிற் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ 40 வீதம் சூதாட்டச் சிக்கலுக்கு ஆளானோரின் பணமென அவுஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010இல் மதிப்பிட்டது. எனவே எமது தட்டின் எஞ்சிய விலையை யாரோ ஒருவர் தம் வீட்டு வாடகையிலிருந்து கொடுக்கிறார். மேற்கு அவுஸ்திரேலியாவின் கழகங்களில் இவ்வியந்திரங்கள் இல்லை. அங்கும் கழகங்கள் நடக்கவே செய்கின்றன.

இரவு வேலை முடித்து, குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வாழும் இளைஞனுக்கு அவ்வறை வெளிச்சமும் குளிர்ச்சியும் தருகிறது. எவரும் அவனை எழுந்து போவென்பதில்லை. ஆபத்து அங்கேதான். அவ்வாறு அகப்பட்டவரை ஊரிற் பேசிச் சிரிப்பதால் எவரும் மீளார். 1800 858 858 என்னும் இலவசத் தொலைபேசியில் இரவு பகலாக உதவி கிடைக்கும். 131 450 என்னும் இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். தம்மை உள்ளே விட வேண்டாமெனக் கழகத்திடமே எழுதிக் கொடுக்கவும் வழியுண்டு.

அத்தகைய இளைஞன் ஒருவன் உங்கள் தெருவில் இருப்பின், அடுத்த முறை கரையோரம் செல்கையில் அவனையும் அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தோடு ஒரு மேசையில் அமர்ந்து உண்பவனுக்கு அந்த மற்றக் கதவு அவ்வளவு தேவைப்படாது.